பச்சைப் பசேல் வயலில் 150 கோடி டாலர் திருட்டு!

மீல்மேக்கர் குருமா வைக்காத வீடு இன்றைக்குக் குறைவு. சோயாவிலிருந்து எண்ணெயை எடுத்த பிறகு மிஞ்சும் மாவுதான் அந்த உருண்டை. நாம் வாங்கும் பிராய்லர் கோழி தின்று வளர்ந்ததும் பெரும்பாலும் மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும்தான். இந்தியா இறக்குமதி செய்யும் சமையல் எண்ணெயில், அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் கப்பலேறி வரும் சோயா எண்ணெய்க்குக் கணிசமான பங்கு உண்டு. ஆக, சைவமோ அசைவமோ, நம் தட்டின் ஏதோ ஒரு மூலையில் சோயா உட்கார்ந்திருக்கிறது.

அந்தச் சோயாவுக்கு ஒரு திருடன் இருக்கிறான். வெட்டுக்கிளி போல மேகமாக வருவதில்லை. இலையைக் கடித்து ஓட்டை போடுவதில்லை. வயலுக்கு வெளியே நின்று பார்த்தால் பயிர் பச்சைப் பசேல் என்று, இடுப்பளவு உயரத்தில், கண்ணுக்குக் குளிர்ச்சியாக நிற்கும். அறுவடை முடிந்து எடை போடும்போது மட்டும் கணக்கு உதைக்கும். 100 மூட்டை வர வேண்டிய இடத்தில் 80, சில வயல்களில் 70. ‘போன மாசம் மழை சரியில்லை’, ‘இந்த வருஷம் விதை சரியில்லை’ என்று விவசாயி ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொள்வார். மண்ணுக்குக் கீழே நடந்தது அவருக்குத் தெரியாது.

அந்தத் திருடனின் பெயர் சோயா முட்டைக்கூடு நூற்புழு. விஞ்ஞானிகள் ஹெட்டரோடீரா கிளைசின்ஸ் என்கிறார்கள். வட அமெரிக்காவில் மட்டும் இது ஆண்டுக்குச் சுமார் 150 கோடி டாலர் அளவுக்கு நஷ்டம் உண்டாக்குவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அங்குள்ள சோயாவைத் தாக்கும் நோய்களில் மகசூலை அதிகம் தின்பது இதுதான்.

நூற்புழு என்றால் ஏதோ புதிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கிறார்களே, அந்தக் குடற்புழுவும் கொக்கிப்புழுவும் இதன் தூரத்துச் சொந்தங்கள். ஒரே பெரிய குடும்பம். சில மனிதக் குடலில் குடியேறின, சில ஆடு மாட்டில் குடியேறின, சில செடியின் வேரில் குடியேறின. வேரில் குடியேறியவை மட்டுமே ஆயிரக்கணக்கான இனங்கள். அதில் ஒன்றின் கதைதான் இது.

வேர் கூப்பிட்டால் எழும் முட்டை

இந்தப் புழுவின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் அதை ஏன் ஒழிக்க முடியவில்லை என்பது தானாகப் புரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

மண்ணுக்குள் முட்டை இருக்கிறது. முட்டைக்குள் குஞ்சுப்புழு சுருண்டு கிடக்கிறது. மண் சூடும் ஈரமும் சரியாக அமைந்தாலும் எல்லா முட்டையும் உடனே பொரிந்துவிடுவதில்லை. பக்கத்தில் சோயா வேர் இருக்கிறதா என்று காத்திருப்பவையும் உண்டு. வேரிலிருந்து கசியும் சில வேதிப்பொருள்கள் மண் ஈரத்தில் கரைந்து முட்டையைத் தொட்டால், ‘சாப்பாடு வந்தாச்சு’ என்று அவை எழுந்துகொள்ளும்.

அப்படி எழுப்புகிற பொருள் எது என்று கண்டுபிடிக்க ஜப்பானிய வேதியியலாளர்கள் பட்ட பாடு தனிக்கதை. சோயாவின் உறவுப் பயிரான பீன்ஸின் காய்ந்த வேர்களை டன் கணக்கில் சேர்த்து, வடித்து, பிரித்து, கடைசியில் ஒன்றிரண்டு மில்லிகிராம் அளவுக்குத்தான் அந்தப் பொருளைப் பிடித்தார்கள். 1982-ல் அதன் அமைப்பை வெளியிட்டு, கிளைசினோஎக்லெபின் என்று பெயர் வைத்தார்கள். ஒரு மில்லிலிட்டர் தண்ணீரில் ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே முட்டை பொரிய அது தூண்டுகிறது. நம் மூக்குக்கு எட்டுமா இந்த வாசனை?

பொரிந்து வரும் குஞ்சு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வாயில் ஊசி போன்ற ஓர் உறுப்பு. அதைக் கொண்டு வேரைக் குத்தித் துளைத்து உள்ளே போகிறது. சாறு ஓடும் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு செல்லைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் தன் உமிழ்நீரைச் செலுத்துகிறது. அந்த உமிழ்நீரில் உள்ள புரதங்கள் செடியின் செல்லை ஏமாற்றி, அதன் வேலையையே மாற்றி விடுகின்றன. சுவர்கள் கரைகின்றன. பக்கத்துச் செல், அதற்குப் பக்கத்துச் செல் என்று ஒன்றோடொன்று கலந்து, பெரிய சமையற்கூடம் மாதிரி ஒரு கூட்டுச் செல் உருவாகிறது. செடி, தன் காய்க்கும் விதைக்கும் அனுப்ப வேண்டிய சத்தை இந்தச் சமையற்கூடத்துக்குக் கொண்டுவந்து கொட்டுகிறது. புழு அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிறது.

உட்கார்ந்து என்று சொன்னது சும்மா இல்லை. பெண் புழு அதன் பிறகு நகர்வதே கிடையாது. சாப்பிட்டுச் சாப்பிட்டு, நூல் வடிவம் போய் எலுமிச்சம்பழ வடிவத்தில் உப்புகிறது. உடம்பு பெருத்து வேரின் தோலைப் பிளந்துகொண்டு வெளியே துருத்தி நிற்கும். தலை மட்டும் உள்ளே சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஆண் புழுவோ மறுபடி நூலாக மாறி, வேரைவிட்டு வெளியேறி, பெண்ணைத் தேடிப் போய்ச் சேர்ந்து, சில நாட்களில் செத்துப்போகும்.

பெண் புழு கொஞ்சம் முட்டைகளை வெளியே ஒரு பசைப் பைக்குள் இடும். மீதி, சில நூறு முட்டைகள், அதன் வயிற்றுக்குள்ளேயே தங்கும். பிறகு அது செத்துப்போகிறது. வெள்ளையாக இருந்த உடம்பு மஞ்சளாகி, பழுப்பாகி, தோல் இறுகி, கெட்டியான பெட்டியாகிவிடுகிறது. பிள்ளைகளைக் காப்பாற்றத் தாயின் உடம்பே பெட்டகம்! இதைத்தான் முட்டைக்கூடு என்கிறோம். வேர் அழுகினாலும் இது அழுகாது. குளிர், வறட்சி, பட்டினி எல்லாவற்றையும் தாங்கும். உள்ளே இருக்கும் முட்டைகளில் சில பத்தாண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும்.

முட்டையிலிருந்து மறுபடி முட்டை வரை, கோடைக்கால மண்ணில் நான்கு வாரம் போதும். ஒரே பருவத்தில் மூன்று தலைமுறை, வெப்பமான இடங்களில் அதற்கும் மேல். ஒன்று நூறாகி, நூறு பத்தாயிரமாக எத்தனை நாள் ஆகும் என்று வீட்டில் இருக்கும் கணக்குப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

கப்பலேறி வந்ததா?

ஜப்பானில் இந்தப் பிரச்னை நூறாண்டுக்கு முன்பே தெரியும். 1915-ல் அங்கே சோயாவைக் குட்டையாக்கி மஞ்சளாக்கும் நோய்க்கு ஒரு நூற்புழுதான் காரணம் என்று எழுதிவைத்தார்கள். 1952-ல் இச்சினோஹே என்ற ஜப்பானிய ஆய்வாளர் அதைத் தனி இனமாக வகைப்படுத்திப் பெயர் சூட்டினார்.

இரண்டே ஆண்டு கழித்து, 1954-ல், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நியூ ஹனோவர் என்ற மாவட்டத்தில் அதே புழு அகப்பட்டது. ஜப்பானிலிருந்து தருவித்த பூச்செடிக் கிழங்குகளோடு ஒட்டிவந்த மண்ணில் வந்திருக்கலாம் என்பது ஒரு சந்தேகம். அதற்கும் முன்பே, சோயாவுக்கு வேண்டிய நல்ல பாக்டீரியாவுக்காக ஆசியாவிலிருந்து மண்ணையே கொண்டுவந்தார்களே, அதில் வந்திருக்கலாம் என்பது இன்னொரு சந்தேகம். எப்படியோ, கண்டுபிடித்தபோது அது உள்ளே வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அமெரிக்க அரசு தடுப்பு வேலி போட்டுப் பார்த்தது. பாதித்த மாவட்டங்களிலிருந்து மண் ஒட்டிய எதுவும் வெளியே போகக் கூடாது என்றது. புழு சட்டத்தை மதிக்கவில்லை. டிராக்டர் சக்கரத்து மண்ணில் போனது. அறுவடை இயந்திரத்தில் போனது. வெள்ளத்தில் மிதந்தது, புழுதிக்காற்றில் பறந்தது. பறவையின் வயிற்றுக்குள் போய் எச்சத்தோடு வெளியே வந்த பிறகும் முட்டைகள் உயிரோடு இருந்தன. சோயா அதிகம் விளையும் அயோவா மாநிலத்தில் 1978-ல் கண்டார்கள். இன்று அமெரிக்காவில் சோயா விளையும் கிட்டத்தட்ட எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. கனடா, பிரேசில், அர்ஜென்டினா என்று எல்லை தாண்டியும் போய்விட்டது.

இந்தக் குடும்பத்தோடு நமக்கும் பழைய பகை உண்டு. நீலகிரியில் 1961-ல், உதகமண்டலத்து விஜயநகரம் பண்ணையில், ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் உருளைக்கிழங்குச் செடியின் வேரில் குட்டிக் குட்டிப் பொன்மணிகளைக் கண்டார். உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு. தங்க நிறத்தில் இருப்பதால் தங்க நூற்புழு என்றும் சொல்வார்கள். சோயாப் புழுவின் ஒன்றுவிட்ட சகோதரி என்று வைத்துக்கொள்ளலாம்; அதே பெட்டகம், அதே பொறுமை. அதற்காகத்தான் நீலகிரி உருளைக்கிழங்கை விதைக்காக வெளியே கொண்டுபோகத் தடை வந்தது. முத்தோரையில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் இந்தப் புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா ரகத்தை உருவாக்கி 1985-ல் வெளியிட்டார்கள். மலைக்காய்கறி விவசாயிகளைக் கேட்டால் இந்தப் புழுவின் குணத்தை நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். முட்டைக்கோஸ், பூண்டு என்று இரண்டு மூன்று வருஷம் பயிரை மாற்றிப் போட்டுவிட்டு அப்புறம்தான் உருளைக்கு வர வேண்டும் என்பது அங்கே அனுபவப் பாடம்.

ஒரு கறுப்பு விதை

மறுபடி அமெரிக்காவுக்குப் போவோம். முதலில் எல்லாரும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள்: மருந்து அடித்தார்கள். டி.பி.சி.பி. என்று ஒரு மண் மருந்து. மண்ணுக்குள் செலுத்தினால் வாயுவாகப் பரவிப் புழுவைக் கொல்லும். நன்றாகவே கொன்றது. 1977-ல் கலிஃபோர்னியாவில் அந்த மருந்தைத் தயாரித்த ஆலையில் வேலை பார்த்த ஆண்கள், தங்களில் பலருக்குக் குழந்தை பிறக்கவில்லையே என்று பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். பரிசோதித்தால் பலருக்கு விந்தணு குறைவு, சிலருக்கு அறவே இல்லை. இரண்டு ஆண்டில் அந்த மருந்தைப் பெரும்பாலான பயிர்களிலிருந்து விலக்கிவிட்டார்கள். சோயா போன்று ஏக்கருக்கு அளவான லாபம் தரும் பயிருக்கு, விலை உயர்ந்த வேறு மண் மருந்துகளும் கட்டுப்படியாகவில்லை.

மிஞ்சியது ஒரே வழி. புழுவைத் தாங்கும் சோயாவைத் தேடுவது.

அமெரிக்க வேளாண் துறை அதற்கு முன்பே ஆசியாவுக்கு ஆட்களை அனுப்பி ஆயிரக்கணக்கான சோயா விதைகளைத் திரட்டி வைத்திருந்தது. 1950-களில் ராஸ், பிரிம் என்ற இரு விஞ்ஞானிகள் அந்த விதைகளைப் புழு நிறைந்த மண்ணில் ஊன்றிப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கானவற்றில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலதான் தேறின. அதில் முக்கியமானது சீனாவிலிருந்து வந்த ‘பீக்கிங்’. கறுப்புத் தோல் விதை, சாய்ந்து விழும் செடி, சுமாரான விளைச்சல். சந்தையில் யாரும் சீந்தாத ரகம். ஆனால், வேரில் புழு பெருகவில்லை.

பீக்கிங்கை நல்ல விளைச்சல் ரகங்களோடு ஒட்டுச் சேர்த்து, 1960-களில் ‘பிக்கெட்’ என்ற ரகத்தையும், 1970-களின் தொடக்கத்தில் ‘ஃபாரஸ்ட்’ என்ற ரகத்தையும் கொண்டுவந்தார்கள். ஃபாரஸ்ட்டை உருவாக்கியவர் மிசிசிப்பியில் இருந்த எட்கர் ஹார்ட்விக். அந்த ஒரு ரகம் மட்டும் 1975 முதல் 1980 வரையிலான ஆறு ஆண்டுகளில் விவசாயிகளுக்கு 40 கோடி டாலருக்கு மேல் நஷ்டத்தை மிச்சப்படுத்தியதாக அமெரிக்க வேளாண் துறை கணக்குப் போட்டது. யாரும் சீந்தாத கறுப்பு விதையின் கைங்கரியம்!

சந்தோஷம் நீடிக்கவில்லை. லட்சக்கணக்கான புழுக்களில், பீக்கிங்கின் வேரிலும் சாப்பிடத் தெரிந்த ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். மற்றவை பட்டினியில் சாக, இவை மட்டும் பிள்ளை பெற்றன. வருஷா வருஷம் அதே ரகத்தைப் போட்டதில், சில ஆண்டுகளில் தென் மாநிலங்கள் சிலவற்றில் வயல் முழுக்க இவற்றின் வாரிசுகள். பீக்கிங் வழி ரகங்கள் அங்கே தோற்றன.

அடுத்த காவலாளியைத் தேடினார்கள். கிடைத்ததும் சீனத்துக் கறுப்பு விதைதான். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. வெளிநாட்டு விதைகளுக்குப் போடும் வரிசை எண்தான் பெயர்: பி.ஐ. 88788. அதிலிருந்து 1970-களின் இறுதியிலிருந்து வரிசையாக ரகங்கள் வந்தன. மீண்டும் புழு அடங்கியது. இந்த முறை நீண்ட காலம் அடங்கியது. விதை நிறுவனங்கள் எல்லாம் இந்த ஓர் எண்ணையே பிடித்துக்கொண்டன. அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் விற்கும் ‘எதிர்ப்பு ரக’ சோயாவில் 95 சதவிகிதத்துக்கு மேல் பி.ஐ. 88788-ன் வாரிசுகள் என்ற நிலை வந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல், கோடிக்கணக்கான ஏக்கரில், ஒரே பூட்டு. புழுவுக்குச் சாவி செய்ய இதைவிட வசதி வேண்டுமா?

பத்து ஜெராக்ஸ்

அந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது 2012-ல்தான் தெளிவாகத் தெரிந்தது. விஸ்கான்சின், இல்லினாய் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் சேர்ந்து கண்டுபிடித்தது இது. சோயாவின் மரபணுத் தொகுப்பில் சுமார் 31 ஆயிரம் எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு இருக்கிறது. சாதாரணச் சோயாவில் அது ஒரு முறைதான் எழுதப்பட்டிருக்கிறது. பீக்கிங்கில் மூன்று முறை. பி.ஐ. 88788-ல் அடுத்தடுத்துப் பத்து முறை! ஒரே பக்கத்தைப் பத்து ஜெராக்ஸ் எடுத்துப் புத்தகத்தில் சேர்த்துத் தைத்த மாதிரி.

பக்கம் பத்து இருந்தால் அதிலிருந்து உண்டாகும் புரதமும் மிகுதி. புழு கட்டிய சமையற்கூடத்தில் போய் அந்தப் புரதம் குவிகிறது. குவிந்ததும் அந்தக் கூட்டுச் செல்லே செத்துவிடுகிறது. செடி இங்கே புழுவைத் தொடுவதே இல்லை, அடுப்பைத்தான் அணைக்கிறது. நகர முடியாத புழு பட்டினி கிடந்து சாகிறது.

பீக்கிங்கின் வழி கொஞ்சம் வேறு. மூன்று ஜெராக்ஸ் மட்டும் அதற்குப் போதாது. வேறோர் இடத்தில் இருக்கும் இன்னொரு மரபணுவும் சேர வேண்டும். அது எது என்பதும் அதே 2012-ல் தெரிந்தது. இரண்டு மரபணுக்களையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும் என்பதால், ரகம் உருவாக்குபவர்களுக்குப் பீக்கிங் இரட்டை வேலை. அதோடு, பீக்கிங் வழி ரகங்கள் விளைச்சலில் பின்தங்கும் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. விவசாயி விதை வாங்கும்போது முதலில் கேட்பது ‘ஏக்கருக்கு எவ்வளவு வரும்?’ என்பதைத்தான். நிறுவனங்கள் சுலபமான வழியிலேயே போனதற்கு அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால், விலை கொடுத்தது விவசாயிதான்.

அந்த விலை எப்படி வெளியே தெரிந்தது? அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நூற்புழு நிபுணர் கிரெக் டைல்கா பல ஆண்டுகள் ஒரே வேலையைச் செய்தார். எதிர்ப்பு ரகங்களை விவசாயிகளின் வயல்களிலேயே நட்டு, நடவுக்கு முன் எத்தனை முட்டை, அறுவடைக்குப் பின் எத்தனை முட்டை என்று எண்ணினார். அலுப்பான வேலை, செய்தித்தாளில் வராத வேலை. அதிலிருந்து வந்த உண்மைதான் கசப்பு. சாதாரணச் சோயாவில் பெருகும் புழுவோடு ஒப்பிட்டால், எதிர்ப்பு ரகத்தில் 10 சதவிகிதத்துக்குக் குறைவாகத்தான் பெருக வேண்டும். அதுதான் ‘எதிர்ப்பு’ என்ற சொல்லுக்கு விஞ்ஞானத்தில் அளவுகோல். பி.ஐ. 88788-க்கு எதிராக, அயோவாவின் பல வயல்களில் அது பாதியைத் தொட்டிருந்தது.

விதை மூட்டையில் ‘எதிர்ப்பு ரகம்’ என்றே அச்சடித்திருக்கும். வாங்குபவரும் நம்பி, நிம்மதியாகப் போட்டிருப்பார். பயிரும் பச்சையாகவே நிற்கும். மண்ணுக்குள் முட்டை எண்ணிக்கை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு ஏறும். முழுப் பாதுகாப்பு இல்லையென்று தெரிந்தவன் விழித்திருப்பான். இருக்கிறது என்று நம்புகிறவனிடம்தான் திருட்டு சுலபம். இந்தக் கதையில் எனக்கு உறைத்தது இந்த இடம்தான்.

ஒரு வாளி மண், ஒரு எண்

இதற்கு என்ன செய்கிறார்கள்? முதல் வேலை எண்ணுவது. வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, 15, 20 இடங்களில் ஆறிலிருந்து எட்டு அங்குல ஆழத்துக்கு மண் எடுத்து, ஒரு வாளியில் போட்டுக் கலந்து, ஒரு கைப்பை அளவு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். 100 கன சென்டிமீட்டர் மண்ணில் எத்தனை முட்டை என்று சீட்டு வரும். நமக்குச் சர்க்கரை அளவு போல, அவர்களுக்கு அந்த எண். பல்கலைக்கழகங்களும் விதை, மருந்து நிறுவனங்களும் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு, ‘உங்கள் எண் என்ன?’ என்று கேட்டே விவசாயிகளிடம் பிரசாரம் செய்கிறது.

ஆய்வுக்கூடம் வேண்டாம் என்றால் கண்ணாலும் பார்க்கலாம். நடவு செய்து ஐந்தாறு வாரம் கழித்து, செடியைப் பிடுங்காமல் மண்வெட்டியால் தோண்டி எடுத்து, மண்ணை மெல்ல உதிர்த்தால், வேரில் வெள்ளையும் மஞ்சளுமாகக் குண்டூசித் தலையைவிடச் சிறிய மணிகள் தெரியும். பிடுங்கினால் அவை மண்ணோடு உதிர்ந்துவிடும். வேரில் பெரிய உருண்டைகளும் இருக்கும். பயப்பட வேண்டாம், அவை காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நல்ல பாக்டீரியாவின் முடிச்சுகள். நம் உளுந்து, நிலக்கடலை வேரில் பார்ப்பது போலத்தான். நல்லதை எதிரி என்று நினைப்பதும், எதிரியை நல்லது என்று விட்டுவிடுவதும் அங்கே சகஜம்.

இரண்டாவது, பயிரை மாற்றுவது. மக்காச்சோளத்தின் வேரில் இந்தப் புழுவால் வாழ முடியாது. ஒரு வருஷம் மக்காச்சோளம் போட்டால், பொரிந்த குஞ்சுகள் பட்டினியில் செத்து எண்ணிக்கை இறங்கும். ஆனால், பெட்டகத்துக்குள் தூங்குபவை தூங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் முழுக்க ஒழியாது. குளிர் அதிகமான வட மாநிலங்களில் இறக்கம் மெதுவாகத்தான் இருக்கும். பீன்ஸ் மாதிரிப் பயறு வகைகளை நடுவில் போட்டால் புழுவுக்கு விருந்து வைத்த மாதிரி. குளிர்காலத்தில் முளைக்கும் சில களைகளும் ரகசியமாகச் சோறு போடும். அவற்றையும் விட்டுவைக்கக் கூடாது.

விதையில் பூசும் மருந்துகளும் வந்திருக்கின்றன. சில ரசாயனம். ஒன்று, பாஸ்டூரியா என்ற பாக்டீரியா. நூற்புழுவின் தோலில் ஒட்டி உள்ளே நுழைந்து அதையே தின்று பெருகும். ஒட்டுண்ணிக்கே ஒட்டுண்ணி! முளைத்த இளம் வேரை முதல் சில வாரங்கள் காக்க இவை உதவும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. புழு குத்திய வேரில், திடீர்ச் சாவு நோய் என்று பெயர் பெற்ற பூஞ்சை நோயின் கடுமையும் கூடுகிறது என்பதால், புழுவைக் குறைப்பதில் இரட்டை லாபம் உண்டு.

மூன்றாவதுதான் இந்தக் கதையின் விசித்திரமான திருப்பம். அரை நூற்றாண்டுக்கு முன் தென் மாநிலங்களில் தோற்று ஒதுங்கிய பீக்கிங்கை மறுபடி கூப்பிடுகிறார்கள். பி.ஐ. 88788-ஐத் தின்னப் பழகிய புழுக்கள் நிறைந்த பல வயல்களில், இப்போது பீக்கிங் வழி ரகங்கள் கூடுதல் விளைச்சலும் தருகின்றன, முட்டை எண்ணிக்கையையும் அடக்கி வைக்கின்றன. பின்தங்கும் என்ற பழைய பெயரும் புதிய ரகங்களுக்குப் பொருந்தவில்லை. கடைகளில் கிடைக்கும் பீக்கிங் ரகங்கள் அண்மை ஆண்டுகளில் கூடிவருகின்றன.

டைல்கா போன்றவர்கள் உடனே கையைக் காட்டித் தடுக்கிறார்கள். பீக்கிங்கும் தின்னப்படக்கூடியதுதான்; ஒரு முறை நடந்தும்விட்டது. இப்போது எல்லாரும் ஒட்டுமொத்தமாகப் பீக்கிங்குக்குத் தாவினால், அடுத்த பத்து இருபது ஆண்டில் அதுவும் தேய்ந்துவிடும். அதன் பிறகு எடுத்துப் போடக் கையில் பெரிதாக எதுவும் இல்லை. பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியாவின் ஒரு புரதத்தைச் சோயாவுக்குள் வைத்து, புழுவையே நேராகத் தாக்கும் ரகத்தை பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் உருவாக்கிவருகிறது. அதுவும் ஒரு பூட்டுதான்.

அதனால் அவர்கள் சொல்லும் முறை இது. ஒரு வருஷம் பீக்கிங் வழிச் சோயா. அடுத்த வருஷம் மக்காச்சோளம். அதற்கடுத்து பி.ஐ. 88788 வழிச் சோயா, அதிலும் முன்பு போட்ட அதே ரகம் அல்ல, வேறொன்று. மறுபடி மக்காச்சோளம். சோயா முறை வரும் ஒவ்வொரு தடவையும் அதற்கு முன் ஒரு வாளி மண், ஒரு சீட்டு. போன தடவை எண்ணைவிட இந்தத் தடவை ஏறியிருந்தால், மூட்டையில் என்ன எழுதியிருந்தாலும் அந்த ரகத்தை அந்த வயலுக்குத் திரும்பக் கொண்டுவருவதில்லை.